கறையா, கீறலா, வழுக்கலா: வீட்டுக்கு டைல்ஸ் தேர்வு

டைல்ஸ் கடையில் விளக்குகள் நேர் மேலேயிருந்து அடிக்கும். தரை காய்ந்திருக்கும். நாமும் செருப்போடு நடப்போம். வீட்டுக்கு வந்தால் ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்து அரை மில்லிமீட்டர் மேடுபள்ளத்தைக்கூடக் காட்டிக்கொடுக்கும். வெள்ளிக்கிழமை வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவுவோம், ஈரத்தில் வெறுங்காலில் நடப்போம். கடையில் பார்த்து மயங்கிய டைல்ஸ் வீட்டில் வேறு முகம் காட்டுவதற்கு இதுதான் காரணம்.

எல்லா டைல்ஸுக்கும் விட்டு விலகாத ஒரு குறை இருக்கும். ஒன்றில் கறை ஏறும், இன்னொன்றில் கீறல் விழும், மற்றொன்று வழுக்கும், வேறொன்று பசை பிடிக்காமல் சுவரை விட்டு வரும். எந்த அறை எந்தக் குறையைத் தாங்கும் என்று பார்த்துப் பொருத்துவதே தேர்வு. வீடு முழுக்க ஒரே டைல்ஸ் போட்டுவிடலாம் என்ற எண்ணம் கணக்குக்கு வசதி, காலுக்கு வசதி இல்லை.

எவ்வளவு தண்ணீர் குடிக்கிறது?

பெயரை வைத்துப் பிரித்தால் குழப்பம்தான் மிஞ்சும். கடைக்காரர் சொல்லும் செராமிக், விட்ரிஃபைடு, நானோ, ஜி.வி.டி., பி.ஜி.வி.டி., கார்விங் எல்லாவற்றையும் முதலில் ஒரே அளவுகோலில் வைத்துப் பார்க்கலாம்: டைல் தன் எடையில் எத்தனை சதவீதம் தண்ணீர் குடிக்கிறது? ஐ.எஸ்.ஓ. 13006 தரத்தில் 0.5 சதவீதமோ அதற்குக் குறைவோ குடித்தால் அது விட்ரிஃபைடு. 3 முதல் 6 சதவீதம் வரை, சிலவற்றில் அதற்குச் சற்று மேலும் குடிப்பவை தரைக்கான செராமிக். 10 சதவீதத்துக்கு மேல் குடிப்பவை சுவர் செராமிக். பாக்ஸில் அச்சிட்டிருக்கும் பி.ஐ.ஏ., பி.ஐ.ஐ.ஏ., பி.ஐ.ஐ.ஐ. குறிகள் இந்த வரிசையைத்தான் சொல்கின்றன.

கடையிலேயே சோதிக்கலாம். டைலைக் கவிழ்த்து முதுகில் ஒரு தேக்கரண்டித் தண்ணீர் விடுங்கள். சுவர் டைலில் அது சட்டென்று இறங்கி மண்ணில் விட்டதுபோல் கறுக்கும். விட்ரிஃபைடில் முத்தாக நிற்கும்.

குறைவாகக் குடித்தால் நல்லது, அதிகம் குடித்தால் மட்டம் என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். தரைக்கு அது சரி. தண்ணீர் குடிக்காத உடல் கெட்டியானது; சிலிண்டர் உருட்டினாலும் கிரைண்டர் வைத்தாலும் தாங்கும். சுவரில் கதை வேறு. சிமெண்ட் பால் டைலின் முதுகிலுள்ள நுண்துளைகளுக்குள் இறங்கி இறுகினால்தான் பிடிப்பு உண்டாகும். விட்ரிஃபைடில் இறங்குவதற்கு இடமே இல்லை. 'நல்ல டைல்ஸ்' என்று அதிக விலை கொடுத்து விட்ரிஃபைடை வாங்கி, வழக்கமான சிமெண்ட் கலவையில் பாத்ரூம் சுவரில் ஒட்டினால், சில வருடத்தில் அது மொத்தமாக விட்டுவருவது இதனால்தான். கொத்தனாரைத் திட்டிப் பயனில்லை, பொருளும் பசையும் சேரவில்லை.

ஹால்: டபுள் சார்ஜா, பி.ஜி.வி.டி.யா?

பெரும்பாலான வீடுகளில் தடுமாற்றம் இந்த இடத்தில்தான். இரண்டும் விட்ரிஃபைடு, இரண்டும் பளபளக்கும், 2×2 அடி அளவில் விலையும் பெரும்பாலும் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கும். செய்யும் முறை மட்டும் முற்றிலும் வேறு.

டபுள் சார்ஜில் இரண்டு அடுக்குத் தூளைச் சேர்த்து அழுத்திச் சுடுகிறார்கள். மேலடுக்கில் 3 முதல் 4 மி.மீ. ஆழத்துக்கு நிறம் உடலோடு கலந்திருக்கும். மேலே கண்ணாடிப் பூச்சு கிடையாது, உடலையே தேய்த்துப் பளபளப்பாக்குகிறார்கள். ஆகவே கீறல் விழுந்தாலும் உள்ளே அதே நிறம்தான், கண்ணில் படாது. ஆனால் தேய்க்கும்போது உள்ளே மூடிக்கிடந்த நுண்துளைகள் வாய்திறக்கும். அவற்றை நானோ பூச்சு போட்டு அடைக்கிறார்கள். அந்தப் பூச்சு தேயத்தேய மஞ்சள், டீ, பேனா மை எல்லாம் உள்ளே இறங்கும். வெள்ளை, ஐவரி நிறங்களில் இது நன்றாகத் தெரியும். டிசைனும் பொடி மணல்போல, ஓடும் கோடுகள்போலச் சிலதான் கிடைக்கும். மார்பிள் படத்தை அப்படியே கொண்டுவர முடியாது.

ஜி.வி.டி. (கிளேஸ்டு விட்ரிஃபைடு டைல்ஸ்) இதற்கு நேர் எதிர். விட்ரிஃபைடு உடலின்மேல் டிஜிட்டல் இங்க்ஜெட்டில் படம் அச்சிட்டு, கண்ணாடிப் பூச்சு கொடுத்துச் சுடுகிறார்கள். அதைப் பாலிஷ் செய்தால் பி.ஜி.வி.டி. கண்ணாடிக்குள் கறை இறங்காது, ஈரத்துணியால் துடைத்தால் போய்விடும். மார்பிள், மரம், சிமெண்ட் என்று கேட்ட தோற்றமெல்லாம் கிடைக்கும். ஆனால் எல்லாம் மேல்தோலில்தான். மணலில் இருக்கும் குவார்ட்ஸின் கடினம் மோஸ் அளவில் 7. கண்ணாடிப் பூச்சு பெரும்பாலும் அதற்குக் கீழே. வாசலிலிருந்து செருப்போடு வரும் மணலை வைத்து ஒரு நாற்காலியை இழுத்தால் போதும், முடிபோன்ற கீறல்கள் விழும். கரும் நிறப் பாலிஷில் இவை வெயில்நேரத்தில் வலைபோலத் தெரியும். ஓரம் உடைந்தால் உள்ளே இருக்கும் உடலின் வேறு நிறம் பல்லிளிக்கும்.

டபுள் சார்ஜுக்குக் கறை எதிரி, பி.ஜி.வி.டி.க்குக் கீறல் எதிரி என்று வைத்துக்கொண்டால் பாதி முடிவு எடுத்தாயிற்று. வாசற்கதவு நேரே ஹாலில் திறக்கிறது, தெரு மண் சாலை, பிள்ளைகள் சைக்கிளை உள்ளேயே ஓட்டுகிறார்கள், ஊஞ்சல், கட்டில் எல்லாம் இடம் மாறிக்கொண்டே இருக்கும் என்றால் டபுள் சார்ஜ். அடுக்குமாடியில் மூன்றாம் தளம், செருப்பு வெளியிலேயே நின்றுவிடுகிறது, தரையில் உட்கார்ந்து சாப்பிடும் வழக்கம் உண்டு என்றால் ஜி.வி.டி. அதிலும் பாலிஷைவிட மேட் அல்லது சாட்டின் மேற்பரப்பையே பரிந்துரைக்கலாம். கீறல் அவ்வளவாகத் தெரியாது, ஈரத்தில் வழுக்குவதும் குறைவு. மேட் என்றாலே அழுக்கு ஏறும் என்ற புகார் மிகச் சொரசொரப்பான மேற்பரப்புகளுக்குத்தான் பொருந்தும். உள்ளங்கையை வைத்துத் தேய்த்துப் பாருங்கள், தோல் பிடித்து இழுக்காத அளவு மேட் துடைக்க எளிது.

மலிவாக 'நானோ' என்று சில கடைகளில் இன்னும் தள்ளிவிடும் சால்யுபிள் சால்ட் டைல்ஸை மட்டும் தவிர்த்துவிடலாம். நிற உப்பு மேலே அச்சிட்டு ஊறவைத்தது. நிறமும் ஆழமில்லை, கறைக்கும் தடையில்லை. இரண்டு குறையும் ஒன்றாகச் சேர்ந்த பொருள். வாடகை வீட்டுக்குப் போடுவதென்றாலும் மேட் செராமிக் இதைவிட மேல்.

பூச்சு கொடுத்த டைல்ஸுக்கு பி.இ.ஐ. என்று 0 முதல் 5 வரை தேய்மான எண் உண்டு. படுக்கையறைக்கு 3 போதும், வாசலை ஒட்டிய ஹாலுக்கு 4 இருக்கட்டும். சுவர் டைல்ஸுக்கு இந்த எண்ணைப் பார்க்கவே தேவையில்லை. அதனால்தான் சுவர் டைலைத் தரையில் போடக்கூடாது. 'நிறம் பிடித்திருக்கிறது, சின்ன பாத்ரூம்தானே' என்று போட்டவர்கள் தேய்ந்த தடத்தைச் சில வருடத்தில் பார்க்கிறார்கள்.

ஆத்தங்குடி டைல்ஸ்

இதை விட்ரிஃபைடோடு ஒரே வரிசையில் நிறுத்தி விலை பேசுவது சரியில்லை, ஏனென்றால் இது சூளையைக் காணாத பொருள். சிவகங்கை மாவட்டம் ஆத்தங்குடியில் கண்ணாடித் தகட்டின்மேல் இரும்புச் சட்டம் வைத்து, பூ வடிவ அச்சுக்குள் நிறம் கலந்த சிமெண்ட் கலவையைக் கையால் ஊற்றி, மேலே உலர்ந்த மணல்-சிமெண்ட் தூவி, பிறகு ஈரக் கலவையால் நிரப்பி எடுக்கிறார்கள். தண்ணீரில் ஊறவைத்துப் பிறகு காயவைப்பதோடு முடிந்தது. பளபளப்பு அந்தக் கண்ணாடியிலிருந்து வருவது. பாலிஷ் மெஷின் தேவையில்லை. ஓட்டவும் கூடாது, நிறம் இருக்கும் மேலடுக்கு மெல்லியது.

கால் வைத்தால் குளிர்ச்சி, வருடம் ஏற ஏற மினுமினுப்பு. இந்த இரண்டையும் எந்த மோர்பி டைலும் கொடுக்காது. இந்தியாவின் டைல்ஸ் உற்பத்தி மையம் குஜராத்தின் மோர்பி, நம் கடைகளில் அடுக்கியிருப்பதில் பெரும்பகுதி அங்கிருந்து வருவதுதான். ஆனால் ஆத்தங்குடிக்கு நிபந்தனைகள் உண்டு. சிமெண்ட் என்பதால் எலுமிச்சை, புளி, தயிர், ஆசிட் எது பட்டாலும் அரிக்கும். அடுப்படி, பாத்ரூம் இரண்டுக்கும் வேண்டாம். தினமும் துடைக்க ஆள் வேண்டும், இடையிடையே சில சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவிய துணியால் துடைத்தால் நிறம் எழும். பூட்டிக்கிடக்கும் வீட்டில் மங்கிப்போகும். கையால் செய்வதால் ஓர் ஓடுபோல் இன்னோர் ஓடு இருக்காது. அந்த வித்தியாசம் கண்ணை உறுத்தும் என்பவர்கள் வாங்காமல் இருப்பதே நல்லது.

முன்கூட்டியே கவனிக்க வேண்டியது தரையின் உயரம். டைல் மட்டுமே முக்கால் அங்குலத்துக்குக் குறையாது, கீழே கலவையும் சேர்த்தால் இரண்டு அங்குலத்தைத் தாண்டும். பக்கத்து அறையில் 9 மி.மீ. விட்ரிஃபைடு பசையில் ஒட்டினால் நடுவில் ஒரு படி உருவாகும். கதவு நிலை வைக்கும் முன்பே இந்தக் கணக்கு முடிந்திருக்க வேண்டும். ஒட்டுபவரும் அந்த வேலை தெரிந்தவராக இருக்க வேண்டும். ஓரம் தட்டினால் பொரிந்துவிடும், ஜாயின்ட் கிட்டத்தட்ட இல்லாமல் சேர்த்து வைக்க வேண்டும்.

சமையலறை

தரைக்கு மேட் ஜி.வி.டி., நடுத்தர நிறம். எண்ணெய் தெறித்த பாலிஷ் தரையில் குழம்புச் சட்டியோடு நடப்பது வேண்டாத ஆபத்து. வெள்ளையில் மஞ்சள் தெரியும், கறுப்பில் போர்த்தண்ணீரின் உப்புத் திட்டு தெரியும். சாம்பல் கலந்த பழுப்பு, மணல் நிறம் இரண்டையும் மறைக்கும்.

மேடைக்கு மேலே சுவருக்குப் பளபளப்பான செராமிக்கே போதும், இங்கே பளபளப்பு நல்லதும்கூட. கடுகு தாளித்த எண்ணெய்ப் படலம் கண்ணாடிப் பூச்சிலிருந்து சோப்புத் தண்ணீரிலேயே வந்துவிடும். சின்னச் சின்னதாக மொசைக், செங்கல் வடிவ டைல்ஸ் படத்தில் அழகாக இருக்கும். ஆனால் சதுர அடிக்குச் சதுர அடி ஜாயின்ட் பெருகும், எண்ணெய் தங்குவது ஜாயின்ட்டில்தான். ஆசை இருந்தால் எபாக்சி கிரவுட்டோடு (ஜாயின்ட்டை அடைக்கும் பிசின் கலவை) போடுங்கள். அடுப்புக்குப் பின்னால் மட்டும் பெரிய டைல் ஒன்று போட்டு ஜாயின்ட் வராமல் பார்த்துக்கொள்வது இன்னும் எளிய வழி.

பாத்ரூம்

தரையில் வழுக்கலுக்கு இரண்டு அளவுகள் உண்டு. ஆர் 9 முதல் ஆர் 13 வரை செருப்புக்காலுக்கானது; ஏ, பி, சி என்பது ஈர வெறுங்காலுக்கானது. பாத்ரூமுக்கு ஆர் 10க்குக் கீழே இறங்க வேண்டாம். வெறுங்கால் குறி கிடைத்தால் பி என்று கேளுங்கள். பாக்ஸில் பெரும்பாலும் அச்சிட்டிருக்காது, நிறுவனத்தின் தொழில்நுட்பத் தாளில் இருக்கும். தாளும் கிடைக்காவிட்டால் கடைத் தரையில் ஒரு டைலை வைத்து, சோப்புத் தண்ணீர் ஊற்றி, கடைக்காரர் முகத்தைப் பார்க்காமல் வெறுங்காலை வைத்துப் பாருங்கள். அறுபது வயதைத் தாண்டியவர் வீட்டில் இருந்தால் இதில் கூச்சம் வேண்டாம்.

ஆர் எண் ஏற ஏறத் தேய்த்துக் கழுவும் வேலையும் ஏறும். ஆர் 12, 13 எல்லாம் தொழிற்கூடத்துக்கு. வீட்டில் அழுக்குதான் சேரும்.

அளவு விஷயத்தில் பலர் சறுக்குவது இங்கேதான். தண்ணீர் ஓட 80க்கு 1 வாட்டம் வேண்டும், அதாவது 5 அடி நீளத்துக்கு முக்கால் அங்குலம். நாலு பக்கத்திலிருந்தும் ஓட்டையை நோக்கி இந்த வாட்டம் வர வேண்டுமென்றால் டைல் வளையாது, வெட்டித்தான் ஆக வேண்டும். 1×1 டைலில் ஜாயின்ட்டுகளே வளைவைத் தாங்கிக்கொள்ளும். 2×2 போட்டால் மூலைவாட்டில் வெட்ட வேண்டும். வெட்டாமல் போட்டால் ஒரு மூலையில் எப்போதும் தண்ணீர் நிற்கும். பெரிய டைல்தான் வேண்டும் என்றால் ஓட்டையை நடுவில் வைக்காமல், ஒரு சுவரோரம் நீளச் சல்லடை வைத்து ஒரே திசையில் வாட்டம் கொடுக்கலாம். குழாய் வேலை தொடங்கும் முன் இந்த முடிவு வேண்டும்.

சுவருக்கு வருவோம். 1×2 செராமிக்கா, 4×2 ஜி.வி.டி.யா? 9 மி.மீ. கனத்தில் 4×2 டைல் ஒன்று சுமார் 15 கிலோ. அதைச் சுவரில் நிறுத்த நல்ல பசை, மேடுபள்ளமில்லாத சுவர்ப் பூச்சு, இரண்டு ஆள் வேண்டும். பூச்சு 3 மி.மீ. வளைந்திருந்தாலும் ஓரங்கள் ஏறி இறங்கும். 5×8 பாத்ரூமில் குழாய், ஹீட்டர், ஃப்ளஷ் டாங்க் என்று பத்து இடத்தில் துளை போட வேண்டியிருக்கும், பெரிய டைலில் ஒரு துளை பிசகினால் 8 சதுர அடி வீண். செராமிக் இலேசு, வெட்டுவது எளிது, சிமெண்டிலும் பசையிலும் பிடிக்கும். பெரிய டைலில் ஜாயின்ட் குறையும், கழுவ எளிது என்பது உண்மைதான். அதற்காகக் கொடுக்கும் விலையில் முக்கால்வாசி ஒட்டும் கூலியிலும் பசையிலும் போகும். எங்கள் கணிப்பில் சின்ன பாத்ரூமுக்கு 1×2 செராமிக்கே புத்திசாலித்தனம்.

டார்க், லைட், ஹைலைட்டர் என்று மூன்று செட்டாக விற்கிறார்களே, அதில் டார்க்கை எப்போதும் கீழே போடுவார்கள். உப்புத்தண்ணீர் ஊரில் கீழே தெறிக்கும் தண்ணீர் காய்ந்து வெள்ளைத் திட்டாக நிற்பது அந்த டார்க்கில்தான். லைட்டைக் கீழே வைத்து டார்க்கை ஒரு பக்கச் சுவரில் மட்டும் மேலே கொண்டுபோகலாம்.

அந்த உப்பைப் போக்க ஆசிட் ஊற்றும் பழக்கத்தையும் சொல்லியாக வேண்டும். விட்ரிஃபைடுக்கு ஆசிட்டால் பெரிதாக ஒன்றும் ஆகாது. ஜாயின்ட்டிலுள்ள சிமெண்ட் கிரவுட் கரையும், அதன் வழியே தண்ணீர் கீழே இறங்கும், கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் பூக்கும். குழாயின் குரோமும் போகும். வினிகர் கலந்த தண்ணீரை வாரம் ஒருமுறை தேய்த்து உடனே நிறையத் தண்ணீரால் அலசிவிட்டால் உப்பு இறுகவே இறுகாது.

படி, கார் நிறுத்தம், மொட்டைமாடி

படிக்கு டைல்ஸைவிட கிரானைட் மேல். டைலின் மூக்கு நுனியில் பூச்சு பொரிந்து உள்நிறம் தெரியும். கிரானைட்டில் நுனியை உருட்டிப் பாலிஷ் போட்டுவிடலாம், வழுக்காமலிருக்க இரண்டு கோடு கீறியும் விடலாம். கார் நிறுத்தத்துக்கு 10 முதல் 12 மி.மீ. கனமுள்ள, மேடுபள்ள அச்சுள்ள பார்க்கிங் டைல்ஸ் போதும், அடியில் முழுக் கலவை நிரம்பியிருந்தால். அடியில் பொள்ளல் இருந்தால் சக்கரம் ஏறும் முதல் மாதமே விரிசல். மண் சரியாக இறுகாத முன்வாசலுக்கு 60 மி.மீ. பேவர் பிளாக் நல்லது, தாழ்ந்தால் எடுத்து மறுபடி அடுக்கலாம்.

மொட்டைமாடிக்குத் தட்டோடு பழைய, நம்பகமான வழி. சுட்ட மண் என்பதால் வெயிலில் கால் பொரியாது. வெள்ளைக் கூலிங் டைல்ஸ் வெயிலைத் திருப்பி அனுப்புவதில் இன்னும் மேல், ஆனால் தூசி படிந்து சாம்பல் நிறமானால் அந்தப் பயன் குறையும், கழுவ வேண்டும். இரண்டுமே தண்ணீர்க் கசிவைத் தடுக்காது. கசிவுத் தடுப்பு வேலை அடியில் தனியாக முடிந்திருக்க வேண்டும்.

ஒட்டுவதில்தான் பாதி

தரையில் 2×2 விட்ரிஃபைடை இன்றும் பெரும்பாலோர் அரை ஈரக் கலவை பரப்பி, மேலே சிமெண்ட் பால் ஊற்றி, ரப்பர் சுத்தியலால் தட்டி வைக்கிறார்கள். பால் முழுப்பரப்புக்கும் ஊற்றினால் பாதகமில்லை. நடுவில் மட்டும் ஊற்றினால் ஓரத்தில் பொள்ளல். காய்ந்த பிறகு ஒரு நாணயத்தால் தட்டினால் 'டொப் டொப்' என்று கேட்கும், ஒரு வருடத்தில் அந்த ஓரம் உடையும்.

விட்ரிஃபைடு சுவருக்கும், 4×2வுக்கும், பழைய டைல்மேல் புது டைலுக்கும் டைல் பசைதான். ஐ.எஸ். 15477 தரத்தில் பசைகள் டைப் 1 முதல் டைப் 5 வரை வகைப்படும். டைப் 1 உள்ளறைத் தரையில் செராமிக் ஒட்ட. விட்ரிஃபைடுக்குக் குறைந்தது டைப் 2. சுவரில் பெரிய டைல், வெளிச்சுவர், டைல்மேல் டைல் என்றால் டைப் 3. மூட்டையில் இந்த எண் இல்லாத பசையை வாங்க வேண்டாம். 3 மி.மீ. கனத்துக்கு 20 கிலோ மூட்டை 50 சதுர அடி வரும் என்பார்கள். நம்மூர்ப் பூச்சின் மட்டத்துக்கு 35 முதல் 45 என்று கணக்குப் போடுங்கள்.

பசையைப் பல் வெட்டிய கரண்டியால் ஒரே திசையில் கோடாக இழுக்க வேண்டும், பெரிய டைல் என்றால் முதுகிலும் மெல்லப் பூச வேண்டும். நாலு மூலையிலும் நடுவிலும் பொட்டு வைத்து ஒட்டுவதைக் கண்டால் அப்போதே நிறுத்துங்கள். பசைக்கென்று விலை கொடுத்துவிட்டு, பொட்டுகளுக்கு நடுவே காற்றைத்தான் ஒட்டுகிறார்கள். பாதி வேலையில் ஒரு டைலைப் பிரித்து எடுத்துப் பாருங்கள்: முதுகில் முழுக்கப் பசை படிந்திருந்தால் சரி. இன்னொன்று, சிமெண்ட் கலவையில் ஒட்டும் செராமிக்கைத் தண்ணீரில் ஊறவைத்தே ஒட்ட வேண்டும், இல்லாவிட்டால் கலவையின் ஈரத்தை டைல் உறிஞ்சிவிடும். பசையில் ஒட்டும்போது ஊறவைக்கக் கூடாது. பழக்கதோஷத்தில் இதை மாற்றிச் செய்பவர்கள் நிறைய.

ஜாயின்ட்டே தெரியக்கூடாது என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. 10 மீட்டர் நீளத் தரை 20 டிகிரி சூடேறினால் விட்ரிஃபைடு சுமார் 1.4 மி.மீ. நீளும். புதுக் கட்டடத்தின் கான்கிரீட் முதல் ஓரிரு வருடம் சுருங்கவும் செய்யும். நீள இடமில்லாத டைல்ஸ் இரண்டும் ஒன்றையொன்று நெட்டித் தள்ளி, கூடாரம்போல் எழும்பும். ஏப்ரல், மே மாதத்தில் 'படார்' என்று சத்தம் கேட்டு ஹால் நடுவில் டைல் கிளம்பியிருப்பது இதனால்தான். டைல்களுக்கு நடுவே இடைவெளி விட 2 மி.மீ. ஸ்பேசர் வையுங்கள். சுவரோரம் 5 மி.மீ. இடம் விடுங்கள், அதை ஸ்கர்ட்டிங் (சுவரடியில் ஒட்டும் டைல் பட்டை) மறைத்துவிடும்.

கிரவுட்டில் சிமெண்டா எபாக்சியா என்றால், படுக்கையறைக்கும் ஹாலுக்கும் சிமெண்ட், பாத்ரூமுக்கும் சமையல் சுவருக்கும் எபாக்சி. எபாக்சி பல மடங்கு விலை, ஆனால் தண்ணீரும் கறையும் ஏறாது. ஒட்டியவுடன் துடைத்துவிட வேண்டும். மேட் டைலின்மேல் காய்ந்த எபாக்சிப் படலத்தை எடுப்பது தனி வேலை. கிரவுட்டின் நிறம் டைலைவிட ஒரு சாயல் கருமையாக இருக்கட்டும். வெள்ளை கிரவுட் வெள்ளையாகவே இருந்த தரையை யாரும் பார்த்ததில்லை.

செங்கல் அடுக்குபோலப் பாதிப்பாதி தள்ளி ஒட்டும் டிசைனை நீளமான மரத் தோற்ற டைல்ஸில் கேட்க வேண்டாம். நீள டைல் நடுவில் மெல்ல வளைந்திருக்கும். ஒன்றின் நடுவும் மற்றதன் நுனியும் பக்கத்தில் வந்தால் கால் தட்டும். மூன்றில் ஒரு பங்கு தள்ளினால் போதும்.

எத்தனை பாக்ஸ்?

2 அடி டைல் என்பது உண்மையில் 600 மி.மீ., அதாவது 23.6 அங்குலம். 4 டைல் கொண்ட பாக்ஸ் 1.44 சதுர மீட்டர், 15.5 சதுர அடி. கடையில் வாய்க்கணக்கில் 16 என்பார்கள். 20×15 ஹால் 300 சதுர அடி. சேதாரம் 7 சதவீதம் சேர்த்தால் 321. இதை 15.5ஆல் வகுத்தால் 21 பாக்ஸ் வேண்டும். மூலைவாட்டு டிசைன் என்றால் சேதாரம் 10 முதல் 12 சதவீதம்.

ஸ்கர்ட்டிங் தனி. ஹாலின் சுற்றளவு 70 அடியில் வாசல்கள் 10 அடி போனால் 60 அடி. 2×2 டைலில் 4 அங்குலப் பட்டை ஐந்துதான் தேறும், பிளேடு தின்னும் இடம் இருக்கிறதே. ஒரு டைலுக்கு 10 அடி என்றால் 6 டைல், ஆக 2 பாக்ஸ். அந்த ஐந்தில் தொழிற்சாலை ஓரம் உள்ளவை இரண்டுதான். மற்ற மூன்றின் வெட்டு ஓரம் மேலே தெரியும். டபுள் சார்ஜில் அதைத் தேய்த்துவிட்டால் அவ்வளவாகத் தெரியாது, ஜி.வி.டி.யில் தெரியும்.

5×8 பாத்ரூம் சுவர் 7 அடி உயரத்துக்கு 182 சதுர அடி. கதவும் ஜன்னலும் கழித்தால் சுமார் 160. சேதாரத்தோடு 172. 5 டைல் வரும் 1×2 பாக்ஸ் 9.7 சதுர அடி என்பதால் 18 பாக்ஸ். 7 வரிசை அடுக்கினால் ஜாயின்ட்டோடு 2112 மி.மீ.தான் வரும், 7 அடிக்கு 2 செ.மீ. குறையும். கதவு நிலையின் தலையோடு ஒட்ட வேண்டும் என்றால் தொடங்கும் உயரத்தை முதலிலேயே ஏற்றிக்கொள்ளுங்கள்.

10 அடி அகல அறையிலும் இதே வம்பு. 5 டைல் போட்டு 4 செ.மீ. மிஞ்சும், அந்த ஓலைக் கீற்றுபோன்ற துண்டு வாசலிலிருந்து பார்க்கும்போதே கண்ணில் குத்தும். நடுவில் 4 முழு டைல், இரண்டு ஓரத்திலும் 32 செ.மீ. வெட்டுத்துண்டு என்று பிரித்தால் அறை ஒழுங்காகத் தெரியும். முதல் டைல் வைக்கும் முன் உலர்ந்தபடியே ஒரு வரிசை பரப்பிப் பார்க்கச் சொல்லுங்கள், கால் மணி நேர வேலை.

லாரி வந்து இறங்கும்போது எல்லா பாக்ஸிலும் பேட்ச் எண், ஷேட் எண் ஒன்றா என்று பாருங்கள். வேறு பேட்ச் என்றால் அதே பெயர் அச்சிட்டிருந்தாலும் நிறம் ஒரு சாயல் மாறும், அளவும் அரை மில்லிமீட்டர் மாறலாம். வெவ்வேறு பாக்ஸிலிருந்து இரண்டிரண்டு டைலை எடுத்து முகத்தோடு முகம் வைத்து அழுத்துங்கள். நடுவிலோ மூலையிலோ ஆடினால் வளைவு இருக்கிறது. குறையை ஒட்டும் முன் சொன்னால்தான் மாற்றித் தருவார்கள், ஒட்டியபின் கடையும் கேட்காது, நிறுவனமும் கேட்காது.

வேலை முடிந்ததும் ஒவ்வொரு டிசைனிலும் ஒரு முழு பாக்ஸைப் பரணில் வையுங்கள். டிசைன்கள் ஓரிரு வருடத்தில் நின்றுபோகும், குழாய் உடைந்து நாலு டைலைப் பெயர்க்கும் நாளில் அதே டைல் எங்கும் கிடைக்காது. பாக்ஸின்மேல் எந்த அறை, எந்த வருடம், கிரவுட் நிற எண் என்ன என்று மார்க்கரால் எழுதிவிடுங்கள், கிரவுட் நிறத்தைத்தான் எல்லோரும் மறப்பார்கள்.